உயர்த்திய கை

அன்புள்ள பீற்றிஸ்,

மகளும் குழந்தையும் சுகம் என்று அறிந்தேன். போனில் சொன்னால் சிரிப்பீர் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏறாவூரில் நடந்த உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் எங்கள் கழகப் பெண்கள் பெனல்டியில் வென்றார்கள். உதைக்க வருகிறவள் ஓடிவருமுன் கால் வைத்து நிற்கும் விதத்தைப் பார்த்து, பந்து எந்தப் பக்கம் வரும் என்று கோட்டுக்கு வெளியே நின்று நான் கையை உயர்த்திக் காட்டினேன். இருபது வருடம் கோல் காத்து, பிறகு பயிற்சியும் கொடுத்தவனுக்கு அது தெரியும் என்று நினைத்தேன். எங்கள் கோல்காப்பாளர் டினோஷாவோ ஒவ்வொரு முறையும் மறுபக்கம் பாய்ந்து மூன்று பந்துகளைத் தடுத்தாள்.

"ஏன் பிள்ளை அப்பிடிப் பாய்ஞ்ச?" என்று கேட்டேன்.

"சேர், நீங்க கை காட்டுறத அடிக்க வாறவளுகளும் பாக்கிறாளுகள். பாத்திட்டு மத்தப் பக்கம் அடிக்கிறாளுகள்."

கழகத் தலைவர் றொனால்ட், "மனுசன்ட கள்ளப் புத்தியப் பாத்தீங்களா? பூனை மாதிரி நிண்டு கண்ணி வச்சிருக்கார்" என்று என் முதுகில் தட்டினார். தந்திரம் ஒன்றும் இல்லை, உண்மையாகத்தான் காட்டினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது மாவட்ட அணிக்கும் பயிற்சியாளராக என்னையே கேட்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

டினோஷாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சேர். இனியும் உண்மையாவே காட்டுங்க. நடிச்சா உங்கட முகத்திலயே தெரிஞ்சிரும்."

விஷயம் தெரிந்த பிறகு உண்மையாகக் காட்டினாலும் அது நடிப்புத்தானே? நேற்றுக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். எந்தக் கையை உயர்த்தினாலும் கள்ளன் முகமாகவே தெரிகிறது.

ஏற்பதா, விடுவதா என்று நீர்தான் எழுத வேண்டும்.

குழம்பியிருக்கும்,
உம்முடைய கணவன்