எண்ணெய்க் கறை படிந்த ஏழு தாள்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, லண்டனிலிருந்து யாவ்லின் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடையில் சூப் அண்டாவை நீங்களே தூக்காதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. பல்கலைக்கழகத்துக்கு எங்களைத் தயார்செய்யும் இந்த ஓராண்டு வகுப்பின் இறுதித் தேர்வுக்கு, நம் நூடுல்ஸ் கடை முக்காலியைப் புதிதாக வடிவமைத்தேன். நம் ஊர் செங்டுவின் ஓவியப் பயிற்சி வகுப்பில் அழுக்குத் தாளை வாத்தியார் கிழித்தே போடுவார் அல்லவா? அந்தப் பழக்கத்தில் கிறுக்கல்களை எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் நோட்டில் சுத்தமாக வரைந்து கொடுத்தேன். ஆசிரியை ஹிலரி புரட்டிப் பார்த்தார்.

"ஒரு தப்புகூட இல்லையே. யாரு வரைஞ்சு குடுத்தா?"

"நான்தான்."

"அப்போ நீ தடுமாறித் தடுமாறி வரைஞ்சு பாத்த தாளெல்லாம் எங்க? வெள்ளிக்கிழமை கொண்டா. இல்லேன்னா ஃபெயில்தான்."

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். நேற்று உங்கள் பார்சல் வந்தது. மிளகாய் எண்ணெய் பாட்டில்களைச் சுற்றியிருந்தவை, புத்தாண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது நான் கசக்கி எறிந்த முக்காலிப் படங்கள்! ஏழையும் விரித்துப் புத்தகங்களுக்கு அடியில் வைத்து நீவினேன்.

இன்று வெள்ளிக்கிழமை. ஹிலரியின் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே இன்னும் குளிர்தான். தடித்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். மீதிக் கிறுக்கல்களிலேயே சுற்றி அனுப்புங்கள்.

கூப்பிடுகிறார்கள். ஆறு தாள்களைத்தான் காட்டப்போகிறேன். ஏழாவதில் அந்த முக்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஃபெயில் போட்டாலும் அதைத் தர மாட்டேன்.

யாவ்லின்