நாலு மாதமும் பத்து நாளும்

ஓகஸ்ட் 9, சனி
சோளகக் காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது. கொளுக்கி மாட்டினேன். அறை இன்னும் சிறுத்துவிட்டது.

என் கணவர் மௌத்தானது ஏப்ரல் எட்டு. நாலு மாதமும் பத்து நாளும் என்றால் ஓகஸ்ட் பதினெட்டு. அதுவரை கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா, வாசல் தாண்ட மாட்டேன். கலண்டரில் ஒவ்வொரு நாளாகச் சிவப்புப் பென்சிலால் வெட்டுகிறேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்
மகன் நளீம் கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கிறான். வெள்ளிக்கிழமை என்னையும் சேர்த்து வீட்டாரோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போக வேன் பேசியிருக்கிறான். இருபதாம் திகதி கட்டாருக்குத் திரும்பிவிடுவான். பிறகு இரண்டு வருஷம்.

"மூணு நாள்தானே குறையுது உம்மா. அல்லாஹ் மன்னிப்பான்."

"கணக்கைக் குறைக்க நான் யார்?" என்றேன்.

கொன்வென்டில் எங்கள் வகுப்பு அங்கே போனபோது வாப்பா விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் நாற்பத்தாறு வருஷம் "அடுத்த வருஷம்" என்றார். அந்தக் குளிருக்கென்று ஒரு கம்பளிச் சுவெட்டர் மட்டும் வாங்கித் தந்தார். அலுமாரியில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

ஓகஸ்ட் 15, வெள்ளி
போய்விட்டார்கள்.

ஓகஸ்ட் 16, சனி
நளீம் படம் அனுப்பினான். பனிப் புல்லில், கொம்போடு ஒன்று. "உம்மா, மான்!"

"மான் இல்லை, மரை" என்று திருத்தி அனுப்பினேன். பிறகு அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தேன்?

பின்னேரம் பக்கத்து வீட்டு ஆசியா உம்மா வந்தாள். "ராத்தா, நீங்க போகல்லையா? உங்கட இத்தா வியாழக்கிழமையே முடிஞ்சிட்டே. பிறையைத்தானே எண்ணுற!"

பிறை. அந்த மாதத்துக்கு நாள் குறைவு என்பது எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டி முழுக்கத் தெரிந்த கணக்கு. நான் — இங்கிலீஷ் மாதத்தை எண்ணியிருக்கிறேன்.

"முதல்லயே இதை ஏன் எனக்குச் செல்லல்ல?"

"உங்களுக்கு யாரு செல்ற? மௌத்து வீட்டுக் கத்தத்தில திரைக்குப் பின்னால இருந்தே லெப்பை ஓதினதைத் திருத்தின ஆள்."

போன் கையில்தான் இருக்கிறது. நளீமிடம் சொன்னால் சிரிப்பான். சொல்லாவிட்டால் திங்கள் வரை இத்தா இருப்பதுபோல் நடிக்க வேண்டும். யாருக்காக?

ஓகஸ்ட் 17, ஞாயிறு
நடித்தேன்.

ஓகஸ்ட் 18, திங்கள்
நளீம் கதவை அகலத் திறந்தான். "முடிஞ்சிது உம்மா, வெளியில வாங்க."

"வியாழக்கிழமையே முடிஞ்சிது. கணக்கில பிழைச்சது நான்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"ஒருத்தரிட்டக் கேட்டிருக்கலாமே, உம்மா."

செப்டெம்பர் 6, சனி
ஹோர்ட்டன் சமவெளி. ஆசியாவின் மருமகன் றஸ்மியின் வேன். பூங்கா வாசலில் பிஸ்கட் பைக்கற்றின் பொலித்தீனைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒழுங்கான இடம். சுவெட்டர் கழுத்தில் குத்துகிறது.

பனிக்குள்ளிருந்து கொம்போடு ஒன்று வந்து நின்று, எங்களைப் பார்த்தபடியே புல்லை மென்றது.

"மான், ராத்தா, மான்!" ஆசியா என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஓம், மான்" என்றேன்.