கரை மாறிய வீடு

மகனே,

இந்த மழையில் சிந்த்வின் ஆறு நம் கரையை அரித்தது. ஊரார் நம் மூங்கில் வீட்டைத் தூக்கிச் சற்று உள்ளே வைக்கிறோம் என்றார்கள். நான் பிரித்துப் படகேற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"கடலை வியாபாரம் இங்க இருக்க, அங்க போயி மணலையா விக்கப் போற?" என்றாள் பக்கத்து வீட்டு தின் நுவே. எதிர்க்கரை வேறு தாலுகா என்பது அவளுக்கு எதற்கு?

பழைய கரையில் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் உன் பெயர் மூன்றாவது. இங்கே தாலுகா அலுவலகத்தில், பழைய குடும்பப் பட்டியலை ஆறு கொண்டுபோனதாகச் சொன்னேன்.

"எத்தன புள்ளைங்கம்மா?" என்றார் குமாஸ்தா.

"ஒரே பொண்ணுதான்."

உன் தங்கை தலை குனிந்துகொண்டாள்.

புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருந்தாய். பர்மாப் பக்கமே வராதே, தாய்லாந்திலேயே வேலையைப் பார். படகுச் சத்தம் கேட்டு இன்றும் மூன்று முறை கரைக்கு ஓடினேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெறவில்லை என்று கையெழுத்துப் போட்ட
அம்மா