மினுக்கும் அறையில் கித்தார்

நவம்பர் 14, வெள்ளி

காலையில் பாட்டுக்காரர் தன் கித்தாரை உடுப்பு மினுக்கும் அறையில் ஒளித்து வைக்கச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முன் ஜமைக்காவில் அவர் எழுதிப் பாடிய ஒரு பாட்டைத்தான் எல்லோருக்கும் தெரியும். பிறகு எழுதியவை அலுமாரி நிறையக் கிடக்கின்றன. இத்தாலியில் இந்தப் பலெர்மோவுக்கு வந்து கிழவராகியும் அந்த ஒரு பாட்டிலிருந்து விடுதலை இல்லை. விருந்தாளி வந்தால் அவர் மனைவி, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா, அதையே பாடச் சொல்வார். இன்றைக்குப் பாடமாட்டேன் என்றார் பாட்டுக்காரர். நானும் ஓமென்று மேசை விரிப்புகளுக்குப் பின்னால் வைத்தேன்.

மாலையில் ஆட்கள் வந்தார்கள். கித்தார் எங்கே என்று சிஞ்ஞோரா என்னைத்தான் கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இந்த நாட்டில் தங்கும் என் அனுமதியை, பெர்மெசோவை, புதுப்பிக்க சிஞ்ஞோராவின் கடிதம் வேண்டும். எடுத்துவந்து கிழவரின் மடியில் வைத்தேன். அவர் பாடினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரவு சியாகுல்லித் தோட்டத்தால் வேலை முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன்.

"நீர் செய்தது சரி. முதல்லை பெர்மெசோ கையிலை வரட்டும், பிறகு ரோசத்தைப் பாப்பம்."

பதினொரு வருடமாக இதையேதான் சொல்கிறார்.

மாலையில் கித்தாரை மடியில் வாங்கும்போது கிழவர் எனக்கு நன்றி சொன்னார். ஏசியிருந்தால் நித்திரை வந்திருக்கும்.