ஹரி போட்ட பில்

ஜூன் 12, 2024

மாங்காய் லோடோடு வண்டி அய்யனார் கோவில் ரோட்டில் நின்றுவிட்டது. டிரைவர் தங்கப்பாண்டியன் போன் பண்ணினான். "புகையாக் கக்குதுக்கா, ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது." ஹரி பட்டறைக்கு இழுத்துப் போகச் சொன்னேன். வேறு எங்கே போக? இருபது வருடமாக எங்கள் 407 லாரியில் கை வைத்தவர் ஹரிகிருஷ்ணன் ஒருவர்தான். என் வீட்டுக்காரருடைய கூட்டாளி. பக்கவாதம் வந்து இவர் கட்டிலில் விழுந்த பிறகும் தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஒரே ஆள்.

ஜூன் 19

பில் வந்துவிட்டது. நாற்பத்தோராயிரத்து அறுநூறு.

லைனர், பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், லேத் வேலை, கூலி மட்டும் பதினோராயிரம். எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. வண்டிக் கணக்கை இத்தனை வருடமும் இவர்தானே பார்த்தார். பில்லை இவர் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குழறிக் குழறி, "சரிதான்... குடுத்துரு" என்றார்.

நான் பணத்தை எடுக்கவில்லை. இவருக்கு இப்போது என்ன தெரியும்? நேற்று கிழமையே தெரியவில்லை.

ஜூன் 21

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆல்வின் என்கிற மெக்கானிக்கிடம் பில்லைக் காட்டினேன். தங்கப்பாண்டியன் சொன்ன ஆள். வண்டியைப் பார்க்காமலே சொன்னார்: "புகைக்கு கேஸ்கெட் மாத்துனா போதும்க்கா. பதினெட்டாயிரத்துக்கு மேல ஆகாது. லைனர் மாத்துனேன்னு எழுதுவாங்க, இன்ஜினுக்குள்ள யாரு பாத்தா? கழட்டுன பழைய சாமானைக் கேளுங்க."

பஸ்ஸில் வரும்போது பில்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஹரியா? ஹரியுமா?

ஜூன் 22

பட்டறைக்குப் போனேன். பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். "இரும்புக் கடைக்குப் போட்டாச்சே மதினி" என்றார். அவ்வளவுதான், வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். நாலைந்து லாரிக்காரர்கள் நின்றார்கள். "மனுசன் மொடங்கிக் கெடக்காரு, பொம்பளைக்கு என்ன தெரியும்னுதான இம்புட்டு எழுதுனீங்க?"

அவர் கையை நீட்டினார். பில்லை வாங்கி, கூலி எழுதிய வரியை அடித்தார். "முப்பதாயிரத்து அறுநூறு குடுங்க மதினி. போதும்."

கொடுத்துவிட்டு, ஜெயித்த மாதிரி வந்தேன்.

ஜூன் 23

ஆறு மணிக்கு வரவில்லை.

ஜூலை 5

இவர் தினமும் கேட்கிறார். "ஹரி?" அந்தப் பெயர் மட்டும் வாயில் தெளிவாக வருகிறது. பட்டறையில் வேலை ஜாஸ்தியாம் என்கிறேன். நேற்று, அவர் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறார் என்றேன். தலையாட்டிக்கொண்டார். நான் சொல்வதையெல்லாம் நம்புகிறார்.

செப்டம்பர் 9

மம்சாபுரத்தில் தேங்காய் ஏற்றும்போது ஆயில் ஒழுகியிருக்கிறது. பக்கம் என்று தங்கப்பாண்டியன் ஆல்வினிடமே வண்டியை விட்டான். நானும் போனேன். ஆல்வின் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஒழுகுனது ஒண்ணும் பெருசு இல்லக்கா. வாசர்தான். ஆனா இன்ஜினுக்கு அடியில ஆயில் சம்ப்பைக் கழட்டிப் பாத்தேன். லைனர், பிஸ்டன், பேரிங் அம்புட்டும் புதுசு. அருமையான வேலை. நாப்பத்தொண்ணு நியாயந்தான். நானா இருந்தா கூடத்தான் கேட்டிருப்பேன்."

"அன்னைக்கு ஏன் தம்பி அப்படிச் சொன்னீங்க?"

"பாக்காம சொன்னது தப்புதாங்க்கா."

தப்பு. அவர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். கட்டிலில் கிடந்தபடி இவர் சரியாகத்தானே சொன்னார்? அதை நான் காதில் வாங்கினேனா? எம் புருசன் பேச்ச விட்டுட்டு எவன் பேச்சையோ கேட்டுக்கிட்டு— பாவி நான்.

செப்டம்பர் 10

பதினோராயிரத்தை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிச்சிருங்க என்றேன். ஹரி பணத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். ரசீது எழுதிக் கொடுத்தார். இருபது வருடத்தில் ரசீது எழுதியதே இல்லை.

"அவிய உங்களத்தான் தேடுதாவ" என்றேன்.

"வாரேன்" என்றார்.

செப்டம்பர் 24

வரவில்லை. போன் பண்ண நம்பரை எடுத்து, வைத்துவிட்டேன். என்ன முகத்தோடு திரும்பக் கூப்பிட?

அக்டோபர் 20

விடிகாலையில் இவருக்கு மறுபடி வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரி. மூளையில் இன்னொரு இடத்தில் அடைப்பு என்கிறார்கள்.

நவம்பர் 3

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உயிருக்குப் பயமில்லை. என்னைத் தெரிகிறது, சில நேரம். மகன் போனில் பேசினால் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். "ஹரி?" என்று கேட்பது நின்றுவிட்டது.

டிசம்பர் 8, ஞாயிறு

ஹரி வந்தார். இவருக்கு மறுபடி வந்தது தங்கப்பாண்டியன் சொல்லித்தான் தெரியுமாம்.

வாசலிலேயே செத்த நேரம் நின்றார். "நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னே தள்ளிட்டேன் மதினி" என்றார். உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் குனிந்து, "அண்ணே, ஹரி வந்திருக்கேன்" என்றார்.

இவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க" என்றார். "உக்காருங்க."

ஏலே என்பதைத் தவிர வேறு சொல்லால் இவர் ஹரியைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஹரிக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் உட்கார்ந்தார். வண்டி இப்போது எப்படி இழுக்கிறது, டயர் என்ன விலை விற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் புது ஆள் பேச்சைக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

ஹரி எழுந்து வாசலுக்குப் போனதும் இவர் என்னிடம், "யாரு அவிய?" என்றார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

"நாளைக்கும் வாரேன் மதினி."

டிசம்பர் 9

ஆறு மணிக்கு வந்தார். இவர் இன்றைக்கும் "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தார்.