பாவில் பாய்ந்த மோட்டார் சைக்கிள்

பிரமாதி வருஷம், ஐப்பசி, வெள்ளி இரவு.

ஒரு வாரமாக மோட்டார் சைக்கிளின் பிரேக் கிறீச்சிட்டது. செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னான். கடைக்குத் தீபாவளிப் புடவைச் சரக்கு எடுக்கும் நேரத்தில் முடிகிற காரியமா? நேற்று நானே சக்கரத்தைக் கழற்றினேன். மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற மையைப் பிரேக் கட்டையில் தாராளமாகத் தடவிப் பூட்டினேன். சத்தம் நின்றது. இன்று எடப்பாடி போகும் வழியிலேயே பிடிப்பு குறைவது தெரிந்தது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன்.

எடப்பாடி நெசவாளர் தெருவில், எனக்கு நெய்து தரும் கந்தப்பனும் அவன் மனைவியும் தறியில் ஏற்றும் நீள நூலான பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு எனக்குத் தரவேண்டிய புடவைகளின் நூல். பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. பாவை அறுத்துக்கொண்டு போய் விழுந்தேன்.

"அடி கிடி பட்டுதுங்களா?" என்றுதான் கந்தப்பன் முதலில் கேட்டான்.

"வேற நூல் தாரேன், கந்தப்பா."

"நூலு தருவீங்க. நாளு தருவீங்களா?" என்றாள் அவன் மனைவி.

 உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போடப் போனேன்.

"அந்தக் கையோட தொடாதீங்க சாமி. மை ஒட்டுனாப் போகாதுங்க" என்றான் கந்தப்பன்.

விரலிடுக்கெல்லாம் நேற்றுத் தடவிய மையின் கறுப்பு. எழுந்து ஓரமாக நின்றேன். இருவரும் குனிந்து ஒவ்வோர் இழையாகத் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் புறப்பட்டபோது பாதிகூட ஆகவில்லை. வெயில் ஏறிவிட்டது. எல்லா இழையையும் முடிச்சிடுவதற்குள் கஞ்சி காய்ந்தால் இழைகள் ஒட்டிப் பாவே வீண். காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை.