நீலப் புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

சின்ன டாக்டர் மறுபடி போன் செய்தார். எங்கள் லேபை விட்டுப் போய், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக் கம்பெனி தொடங்கியவர். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஐந்து பேர். ஸ்லைடில் தடவிய செல்களைப் பார்த்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க மிஷினைப் பழக்குகிறார்களாம். பதினான்கு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் நான் பார்க்கிற அதே வேலை. "நீங்க வந்தா தைரியமா இருக்கும்" என்கிறார். பதிமூன்றாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

நிரந்தர வேலையை விட்டுவிட்டு டயர் கடை மாடிக்கா?

மார்ச் 4

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். கல்யாணப் புடவைக்கும் இந்த மனுஷன் இதையேதான் சொன்னார்.

மார்ச் 5

போகலாம்.

மார்ச் 6

வேண்டாம். பக்கத்து மைக்ராஸ்கோப் அக்காவிடம் சொன்னது தப்பாகிவிட்டது. "நம்ம ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணைப் போடுற மிஷினுக்கு நீயே பால் ஊத்தப் போறியா?" அதற்கப்புறம் டீக்குக்கூடக் கூப்பிடவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்கு அழுகையா வருது.

மார்ச் 7, சனி

போய்ப் பார்த்தேன். எங்கள் லேபின் பழைய ஸ்லைடுகளைப் படம் எடுத்துத்தான் பழக்கியிருக்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாம். முகமெல்லாம் பெருமை. அப்போ நான் எதுக்கு?

சும்மா ஒரு ஸ்லைடைக் கையில் எடுத்தேன். நீலப் புள்ளி. என் புள்ளி. சந்தேகமான செல்லுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒன்று வைப்பேன், டாக்டர் தேட வேண்டாமே என்று.

"இதைத் துடைச்சுட்டுப் படம் எடுங்க" என்றேன்.

துடைத்தார்கள். மிஷின் 'நோய் இல்லை' என்றது. இப்படிப் பத்து ஸ்லைடு. பத்துமே புற்றுநோய் உறுதியானவர்களுடையவை. எட்டில் 'நோய் இல்லை'. ஐந்து மாதமாக அது செல்லைப் பார்க்கவே இல்லை, என் பேனா மையைப் பார்த்திருக்கிறது.

மார்ச் 9

சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியலையே. நான் போகலைன்னா இதே மாதிரி ஒண்ணு எங்கேயாவது ஆஸ்பத்திரியில உட்கார்ந்துகிட்டு, ஒரு பொம்பளையைப் பார்த்து 'ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லும். போனா — நல்லாப் பழக்கிட்டா — அக்கா வேலை? என் வேலை? எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுது.

மார்ச் 12

அக்காவிடம் புள்ளி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு ஸ்லைடு பார்த்து முடித்தாள். பிறகு, "என் புள்ளி பச்சை. அதையும் துடைக்கச் சொல்லு" என்றாள்.

மார்ச் 13

மூன்று தடவை போனை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டேன். மணி நாலு.

ஏப்ரல் 22

டயர் நாற்றம் பழகிவிட்டது. இன்று அறுபது ஸ்லைடு. சந்தேகமாக ஒன்று கண்ணில் பட்டதும் கை தானாகப் பேனாவைத் தேடியது.

பேனா அக்காவிடம் இருக்கிறது. லேபில் கடைசி நாள் என் கோட்டுப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். "பழக்கதோஷத்துல அங்கேயும் புள்ளி வச்சுத் தொலைப்ப" என்றாள். அன்றைக்குத்தான் மறுபடி டீக்குக் கூப்பிட்டாள்.